உப்பில்லாப் பாணும் கண்ணாடி மூடியும்

பள்ளிவாசல்துறையில் கங்காணி நளீமைத் தெரியாதவர்கள் இல்லை. முப்பத்தொரு வருஷம் உப்பளத்தில் வேலை பார்த்தவர், அதில் கடைசிப் பத்து வருஷம் கங்காணி. ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் அவருடைய வாய்க்கு மட்டும் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. அவர் இருக்கிற இடத்தில் மற்றவர்களுக்குப் பேச முறை வருவது அபூர்வம். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் சுல்பா என்று அவருக்கு ஒரு மனைவி இருப்பதையே பலர் மறந்துபோவார்கள். அவளைக் கணக்கில் எடுக்காமல் ஒரு காரியத்தில் இறங்கியவர்கள்தான் பிறகு தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள்.

சுல்பாவுக்கு அறுபத்திரண்டு வயது. யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள், பிறகு தன் எண்ணப்படிதான் நடப்பாள். கல்யாணம் முடித்து வந்த புதிதில், மருமகள் ஊராருக்குச் சட்டை தைப்பது குடும்பத்துக்கு அழகில்லை என்று மாமி சொன்னார். "ஓம் மாமி" என்றாள் சுல்பா. அடுத்த பன்னிரண்டு வருஷம் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு தைத்தாள். தான் பெருநாளைக்குப் பெருநாள் உடுத்திய சட்டைகளையெல்லாம் கற்பிட்டியில் யாரோ ஒரு தையல்காரி தைப்பதாக நம்பிக்கொண்டே மாமி மௌத்தாகிப் போனார். இதில் சுல்பாவுக்கு எந்த உறுத்தலும் இல்லை. மாமிக்கும் மனம் நோகவில்லை, தனக்கும் கை சும்மா இருக்கவில்லை, யாருக்கு என்ன குறை என்று கேட்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் பிரஷர் வந்தது. கற்பிட்டி ஆஸ்பத்திரி கிளினிக்கில் டொக்டர் அம்மா மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைக்கும்படி சொல்லி அனுப்பினார். நளீமுக்குக் குறைப்பதில் நம்பிக்கை இல்லை. ஒரு பொருள் இருந்தால் முழுசாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அறவே இருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்த கையோடு உப்புப் போத்தலைத் தூக்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். கறிக்கென்று காலையில் அரைத் தேக்கரண்டி உப்பை அளந்து ஒரு சின்னப் பீங்கானில் போட்டுக் கொடுப்பார். அதற்கு மேல் ஒரு கல்லும் கிடையாது. வாழ்நாள் முழுக்க மலை மலையாக உப்பைக் குவித்த மனிதன் கடைசியில் சொந்த மனைவிக்கு உப்பைப் பங்கீட்டுக்குக் கொடுக்கிறான் என்று ஊர் சிரித்தது.

கறிக்கு அரைக் கரண்டி அனுமதித்தவர் பாணுக்கு அதுவும் தரவில்லை. பேக்கரிப் பாணில் உப்புக் கூடுதல் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அதோடு கடைப் பாண் வீட்டுக்குள் வருவது நின்றது. சுல்பாவுக்கோ காலையில் பாண் இல்லாவிட்டால் விடிந்த மாதிரியே இருக்காது. நாலு நாள் வாடிய முகத்தோடு தேத்தண்ணீரை மட்டும் குடித்தாள். கட்டாரில் இருக்கிற மகள் நிஸ்ரின் அதைக் கேள்விப்பட்டு, லீவில் வந்த தன் புருஷன் ஃபைஸலிடம் ஒரு பாண் மெஷினைக் கொடுத்தனுப்பினாள்.

அதுவரை சமையலறைப் பக்கம் தண்ணீர் குடிக்க மட்டும் போன நளீம், அந்த மெஷினைக் கண்டதும் அங்கேயே குடியேறிவிட்டார். கோதுமை மா, தண்ணீர், கொஞ்சம் சீனி, ஈஸ்ட் எல்லாவற்றையும் உள்ளே போட்டு ஒரு பொத்தானை அழுத்தினால், அதுவே பிசைந்து, அதுவே பொங்கவிட்டு, அதுவே சுட்டும் தருகிறது. சொன்னதைச் செய்கிற, எதிர்த்துக் கதைக்காத ஒரு வேலையாளை அவர் கங்காணியாக இருந்த பத்து வருஷமும் தேடியிருந்தார். மெஷினோடு வந்த புத்தகத்தில் உப்பு என்று போட்டிருந்த இடத்தையெல்லாம் சிவப்புப் பேனையால் வெட்டினார். பிறகு வேலையைத் தொடங்கினார்.

முதல் நாள் பாண் பானை விளிம்புக்கு மேலே பொங்கி, பிறகு நடுவில் குழிந்துபோய் வந்தது. இரண்டாம் நாளும் அதே கதை. உப்புத்தான் ஈஸ்டுக்குக் கடிவாளம். அது இல்லாவிட்டால் மா கண்டபடி பொங்கிவிட்டுப் பிறகு அப்படியே அமர்ந்துவிடும். இது சுல்பாவுக்குத் தெரியும், நளீமுக்குத் தெரியாது. உருவத்தை விடுங்கள், ருசியைச் சொல்ல வேண்டும். ஈரக் கடதாசியை மென்றால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. சுல்பா ஒவ்வொரு வாயையும் தேத்தண்ணீர் ஊற்றித்தான் தொண்டைக்குள் இறக்கினாள். எதிரே உட்கார்ந்திருந்த நளீம், கொஞ்சம் குழிந்தாலும் ருசிக்குக் குறைவில்லை என்று தானே தீர்ப்பையும் சொல்லி முடித்தார்.

மூன்றாம் நாள் அவர் எல்லாவற்றையும் போட்டு, பொத்தானை அழுத்திவிட்டு, பின்னேர அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனார். மெஷின் கடகடவென்று பிசையத் தொடங்கியது. சுல்பா பக்கத்து வீட்டு நஸ்லாவிடம் வாங்கித் தையல் மெஷின் லாச்சிக்குள் ஒளித்து வைத்திருந்த சின்னப் போத்தலை எடுத்து வந்தாள். மெஷின் மூடியைத் தூக்கி ஒரு தேக்கரண்டி உப்பைப் போட்டுவிட்டு மூடினாள். அன்று பாண் பொன்னிறமாக, மேல்பக்கம் அழகாகத் திரண்டு வந்தது. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்ட நளீமின் கண் கலங்கிவிட்டது. மூன்றாம் நாளிலேயே கை பழகிவிட்டதென்று அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார்.

நாக்கில் வைத்தவுடன் உப்பு எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லுகிற மனிதர் அவர். அந்த நாக்குக்குத் தான் சுட்ட பாணிலே கிடந்த ஒரு கரண்டி உப்புத் தெரியவில்லை. பெருமை வந்து நாக்கில் உட்கார்ந்துகொண்டால் வேறு எந்த ருசிக்கும் இடமிருக்காது.

ஒரு வாரம் போனதும் சொல்லிவிடலாம் என்றுதான் சுல்பா நினைத்தாள். ஆனால் அதற்குள் நளீம் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். உப்பே போடாமல் பாண் சுடுகிறேன், தின்று பாருங்கள், நல்ல மாவுக்கும் நல்ல கைக்கும் உப்பு எதற்கு என்று பள்ளிவாசல் முற்றத்திலும் மீன் வாடியிலும் பேச்சு. சுல்பாவின் பிரஷர் மாத்திரையிலும் அவள் கவனத்திலும் ஒழுங்குக்கு வந்தது. நளீமோ அது பாணால் வந்தது என்று சாதித்தார். கிளினிக்கில் நர்ஸ் மிஸ் நபீலா அதைக் கேட்டு, புதிதாக வருகிற நோயாளிகளுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி அவரைக் கூப்பிட்டார். கூப்பிட்டது ஒருமுறைதான், அதற்குப் பிறகு மாதா மாதம் அவராகவே முன்னால் போய் நின்றுகொண்டார். சுல்பா பின் வரிசை வாங்கில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். இப்போது உண்மையைச் சொன்னால் நாற்பது பேருக்கு முன்னால் நளீமின் முகம் என்னாகும் என்று நினைத்து, ஒவ்வொரு மாதமும் வாயை மூடிக்கொண்டாள்.

இப்படியே போயிருக்கும். போன பெப்ரவரியில் மெஷின் செத்துப்போனது.

பிசைந்துகொண்டிருந்தபோது ஒரு கரிந்த மணம் வந்தது, பிறகு சத்தமில்லை. மின்விசிறியும் றேடியோவும் திருத்துகிற மஸாஹிர் வந்து அடிப்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தார். பானைக்குக் கீழே சுழலுகிற தண்டு இறுகிவிட்டது, வார் அறுந்துவிட்டது, இதற்கு இலங்கையில் எங்கும் சாமான் கிடைக்காது என்று கையை விரித்தார். நளீம் மூன்று நாள் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் யாருடைய மௌத்து என்று விசாரித்தார்கள். கிளினிக் நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

நாலாம் நாள் ஒரு பழைய கலண்டர் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு, அடுத்த மெஷினுக்கு வேண்டிய தகுதிகளை எழுதத் தொடங்கினார். மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட அவர் அவ்வளவு யோசித்ததில்லை. உள்ளே இருக்கிற துடுப்பு உறுதியாக இருக்க வேண்டும், பானை மெல்லிய தகரமாக இருக்கக் கூடாது. நடுவில் கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும், ஏனென்றால் இந்தப் பக்கத்தில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பேருக்கு அளவாகச் சுட வேண்டும். சுல்பாவிடம் என்ன நிறம் பிடிக்கும் என்று மட்டும் கேட்டார்.

நிறத்தைப் பற்றி சுல்பாவுக்குக் கவலையில்லை. அவளுக்கு வேண்டிய தகுதி ஒன்றே ஒன்று, அதை அந்தத் தாளில் எழுத முடியாது. ஓடிக்கொண்டிருக்கும்போது மூடியைத் திறந்தால் மெஷின் காட்டிக்கொடுக்கக் கூடாது.

முதலில் நிஸ்ரின் கட்டாரிலிருந்து ஒன்றை வீடியோவில் காட்டினாள். ஆகப் புதிய வகை. திராட்சைப்பழம் போடுவதற்குத் தனிப்பெட்டி, அது தானே திறந்து தானே மூடும். நடுவில் யாராவது மூடியைத் தூக்கினால் கீச் கீச்சென்று கத்தி வேலையை நிறுத்தும். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது பாதுகாப்பு என்றாள் மகள். நளீமுக்கு வாயெல்லாம் பல். சுல்பா மெதுவாகப் போனை வாங்கி, அவ்வளவு நுணுக்கமான சாமான் இங்கத்தைய கரண்டுக்குத் தாங்காது, பழுதானால் மஸாஹிருக்கும் திருத்தத் தெரியாது என்றாள். நியாயமான பேச்சு. நளீமும் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

அடுத்தது புத்தளம் டவுனில் ஒரு கடை. அங்கே இருந்த மெஷின் ஒரு கல்யாண வீட்டுக்கே பாண் சுடும் போல இருந்தது. நளீம் பானையைச் சுண்டிப் பார்த்தார், துடுப்பை ஆட்டிப் பார்த்தார். கரண்ட் போனால் என்ன நடக்கும் என்று விற்பனையாளரைக் கேட்டார். முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று அந்தப் பையன் உண்மையைச் சொன்னான். அவ்வளவுதான், நளீம் குடையை எடுத்துக்கொண்டார். அந்த மெஷினுக்குக் கண்ணாடி மூடி இருப்பதைக் கடைக்குள் வரும்போதே கவனித்திருந்த சுல்பா, வெளியே வந்ததும் அவருக்கு ஒரு குளிர்பானம் வாங்கிக் கொடுத்தாள்.

அப்போதுதான் அல்பொன்சாவின் நினைவு வந்தது. அல்பொன்சா மாரவிலக்காரி. ஒவ்வொரு வருஷமும் தலவிலத் தேவாலயத் திருநாளுக்குக் குடும்பத்தோடு வந்து தங்கும்போது, நல்ல தண்ணீருக்கு சுல்பா வீட்டுக் கிணற்றுக்கு வந்து பழக்கமானவள். பன்னிரண்டு வருஷம் இத்தாலியில் வேலை செய்துவிட்டு, சாமான்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போன வருஷம்தான் ஊருக்குத் திரும்பியிருந்தாள். சுல்பா போனில் கோல் எடுத்தபோது, தன்னிடம் இரண்டு பாண் மெஷின் இருக்கிறதென்றும் ஒன்றைத் தருவதாகவும் சொல்லி, அதன் படத்தை அனுப்பினாள். படத்தில் இருந்தது அடக்கமான, வெள்ளை நிற, சின்ன மெஷின். அதில் கண்ணாடி எதையும் காணாத சுல்பாவுக்கு மனம் குளிர்ந்தது. இதைவிட நல்லது கிடைக்காது என்று நளீமிடம் இரண்டு நாள் விடாமல் சொன்னாள். அவளாக வாய் திறந்து ஒன்றைக் கேட்பது அபூர்வம் என்பதால் அவரும் சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பஸ் மாறி மாரவிலவுக்குப் போனார்கள். அல்பொன்சா மெஷினைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். படம் பக்கவாட்டில் எடுத்தது. மேல்மூடியில் ஒரு சாண் அகலத்துக்குக் கண்ணாடி பதித்திருந்தது. பொத்தானை அழுத்தினால் உள்ளே லைட் வேறு எரிந்தது. சுல்பா போனில் இருந்த படத்தையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நளீம் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தவர் நிமிரவில்லை. பானை கனமானது, துடுப்பு உறுதியானது. கரண்ட் பத்து நிமிஷம் போய் வந்தாலும் விட்ட இடத்தை மறக்காது என்று அல்பொன்சா சொன்னாள். அவர்கள் வருவதை முன்னிட்டுக் காலையிலேயே அதில் ஒரு பாணும் சுட்டு வைத்திருந்தாள். மெத்தென்று, அருமையாக இருந்தது. எவ்வளவு உப்பு என்று நளீம் விசாரித்தார். ஒன்றரைக் கரண்டி என்றாள் அவள். அங்கேயே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, உப்பில்லாமல் பாண் சுடுவது எப்படி என்று அரை மணித்தியாலம் அவளுக்குப் பாடம் எடுத்தார்.

பின்னால் தேத்தண்ணீர் ஊற்றும்போது அல்பொன்சா தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அக்கா, உப்பு இல்லாட்டி பாண் விழுந்துருமே. நாநாக்கு மட்டும் எப்பிடி வருது?"

"அவர்ட கைக்கு வரும்," என்றாள் சுல்பா. சொன்ன பிறகு அவளுக்கே முகம் சுட்டது.

பஸ்ஸில் கண்ணாடி உடையும், வேறொன்று பார்க்கலாம் என்று அவள் கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். நளீம் மாரவிலவிலிருந்து பள்ளிவாசல்துறை வரைக்கும் மெஷினை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கண்ணாடியைக் காட்டினார்.

அன்றிலிருந்து வீட்டின் நேரசூசியே மாறிவிட்டது. முன்பு பொத்தானை அழுத்திவிட்டு அஸருக்குப் போவார். இப்போது அஸர் தொழுதுவிட்டு வந்துதான் மெஷினைத் தொடுகிறார், ஏனென்றால் கண்ணாடி வழியாக முதலிலிருந்து கடைசிவரை பார்க்க வேண்டும். மெஷினுக்கு முன்னால் கதிரை போட்டாயிற்று. மா திரளுவதை, உருளுவதை, பொங்குவதை எல்லாம் சத்தமாக விவரிப்பார். சுல்பா சீலைத் தலைப்புக்குள் உப்புப் போத்தலை வைத்துக்கொண்டு சமையலறைக்கும் அறைக்குமாக நடந்தாள். மூடியைத் திறக்க வழியே இல்லை.

முதல் நாள் பாண் மேலே வந்து கண்ணாடியில் முட்டி, அதில் ஒட்டிக்கொண்டு, பிறகு கீழே விழுந்தது. நளீம் கவலைப்படவில்லை. பழைய மெஷினும் முதல் இரண்டு நாள் இப்படித்தான் செய்தது, மூன்றாம் நாள் பாருங்கள் என்றார். மூன்றாம் நாளும் விழுந்தது. மாவில் பிழை என்று வேறு மா வாங்கினார். சுல்பா அந்த மா டின்னுக்குள் யாருக்கும் தெரியாமல் உப்பைக் கலந்து வைத்தாள். அவரோ டின்னில் பூச்சி இருக்கும் என்று சந்தேகப்பட்டு, புதுப் பைக்கற்றை உடைத்தார். தண்ணீரில் பிழை, ஈஸ்டில் பிழை, கண்ணூறு, கடைசியில் இத்தாலியிலேயே பிழை என்று ஒவ்வொன்றாகப் பழி போட்டுப் பார்த்தார். அல்பொன்சாவுக்குக் கோல் எடுத்து முறையிட்டார். மெஷினில் ஒரு குறையும் இல்லை, வேண்டுமென்றால் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று அவள் சொன்னபோது குரலில் வருத்தம் தெரிந்தது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த சுல்பாவுக்குச் சங்கடமாக இருந்தது.

கிளினிக் நாள் வியாழக்கிழமை. புது மெஷின் பாணை எல்லோருக்கும் வெட்டிக் கொடுப்பதாக நர்ஸ் மிஸ்ஸிடம் நளீம் முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருந்தார். புதன்கிழமை அஸருக்குப் பிறகு பானைக்குள் மாவைப் போட்டார், தண்ணீரை ஊற்றினார், பொத்தானை அழுத்தினார். கதிரையில் உட்கார்ந்தார், ஆனால் கண்ணாடிக்குள் பார்க்கவில்லை. இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெஷின்ல பிழையில்ல சுல்பா," என்றார். "அந்தப் புள்ளையச் சும்மா நோகடிச்சிட்டன். என்ட கைப்பக்குவம்தான் பெய்த்து. உப்பளத்த உட்டு வந்த பொறகு எனக்குச் செய்யத் தெரிஞ்சது இது ஒண்டுதான். அதுவும் பெய்த்து."

மாவைத் திட்டட்டும், இத்தாலியைத் திட்டட்டும், சுல்பா தாங்கிக்கொள்வாள். இதைத் தாங்க முடியவில்லை. நாற்பது வருஷத்தில் இந்த மனிதன் தன்னைத் தானே குறைத்துச் சொல்லி அவள் கேட்டதில்லை. இதற்குக் காரணம் தான்தான் என்று அவளுக்குத் தெரியும். சீலைத் தலைப்பிலிருந்து போத்தலை எடுத்தாள். அவருக்கு முன்னாலேயே வந்து, கண்ணாடி மூடியைத் தூக்கி, ஒரு தேக்கரண்டியை நிரப்பி மாவுக்குள் போட்டாள்.

"என்னது அது?" என்றார் நளீம்.

"உப்பு. மூணு வருஷமா நீங்க அஸருக்குப் போனப் பொறகு நான்தான் போட்டன். இந்த மெஷினுக்குப் போட ஏலாமப் பெய்த்து. அதான் உழுந்திச்சி. உங்கட கையில ஒரு பிழையுமில்ல."

கங்காணி நளீமுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகப் பேச்சு நின்றது. அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். மா உருண்டது, ஓய்ந்தது, மெதுவாக மேலே வரத் தொடங்கியது. வந்தது கண்ணாடிக்கு நாலு விரல் கீழே அடக்கமாக நின்றுகொண்டது. இடையில் மஃரிபுக்குப் போனார், தொழுதுவிட்டு வந்து அதே கதிரையில் உட்கார்ந்தார். சுல்பா சுவரில் சாய்ந்து நின்றாள், உட்காரத் தோன்றவில்லை.

பாண் வெளியே வந்தது. நளீம் சூட்டோடு ஒரு துண்டை வெட்டி, ஒன்றும் தொடாமல் மென்று பார்த்தார். நிதானமாக மென்றார். இந்தமுறை நாக்கு வேலை செய்தது.

"ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லயே," என்றாள் சுல்பா. "ருசியா ஈக்கிண்டு நீங்களே சென்னீங்க. உப்பில்லாம அது எனக்குத் தொண்டையால எறங்கல்ல. நீங்க ஆசையாச் சுட்டத வீசவும் மனசு வரல்ல. திண்டு முடிக்கிறதுக்காவத்தான் போட்டன்."

அவர் பாணைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு எழுந்து போனார். கோபமா, வெட்கமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. நாளைக்குக் கிளினிக்குக்கு வர மாட்டார் என்று நினைத்தாள். வந்தால் என்ன சொல்வாரோ என்று பயந்தாள்.

காலையில் அவர் வெள்ளைச் சட்டை போட்டு, பாணையும் எடுத்துக்கொண்டு முச்சக்கரவண்டியில் ஏறினார். வழியில் ஒரு வார்த்தை இல்லை. வண்டிக்காரன் அவருக்குச் சுகமில்லையா என்று சுல்பாவைக் கேட்டான். கிளினிக்கில் பிரஷர் பார்த்த நர்ஸ் மிஸ் நபீலா, கொஞ்சம் கூடியிருக்கிறதே, ராத்திரி நித்திரை கொள்ளவில்லையா என்றார். சுல்பா தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு வழக்கம்போல நளீமை முன்னால் கூப்பிட்டார்கள்.

நாற்பது பேர் இருந்தார்கள். நளீம் பாணை மேசையில் வைத்து, துணியைப் பிரித்தார்.

"இதுல ஒரு தேக்கரண்டி உப்பு ஈக்கி," என்றார். "மூணு வருஷமா உப்பில்லண்டு உங்களுக்குச் சென்னன். எனக்குத் தெரியாம என்ட பொஞ்சாதி போட்டீக்கிறா. அவ போடாட்டி இந்தப் பாணே எழும்பீக்காது. நான் பெருமையடிச்சதுக்கு எல்லாரும் மன்னிச்சிக்கோங்க."

மூன்றாவது வாங்கில் இருந்த எத்தாளை ஊர்ப் பாக்கியம்மாதான் முதலில் சிரித்தார். இவருடைய பேச்சைக் கேட்டு, தான் ஒரு வருஷமாகப் புருஷனுக்கு உப்பில்லாத ரொட்டி சுட்டுக் கொடுப்பதாகவும், பாவம் அந்த மனிதன் முறைப்பாடே சொல்லாமல் தின்பதாகவும் சொன்னார். பக்கத்தில் இருந்த புருஷன் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த சின்ன உப்புப் பொட்டலத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு கிளினிக் முழுக்கச் சிரிப்பு. சத்தம் கேட்டு வெளியே வந்த டொக்டர் அம்மா விஷயத்தைக் கேட்டுத் தலையில் கையை வைத்தார். குறைக்கத்தானே சொன்னேன், அறவே நிறுத்தச் சொல்லவில்லையே என்றார். ஒரு பாணுக்கு அரைத் தேக்கரண்டி போடுங்கள், பாணும் விழாது, ஆனால் கறியில் இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், ஒளிக்காமல் என்னிடம் சொல்லுங்கள் என்று சுல்பாவைப் பார்த்தும் சொன்னார்.

நளீம் இன்னும் முன்னால்தான் நின்றார்.

"நான் ஒரு புது விஷயம் சொல்ல வேணும்," என்றார். "வீட்டுல நோயாளிக்கு எத வேணுமெண்டாலும் சமைச்சிக் குடுங்க. ஆனா திங்க ஏலுதாண்டு அவங்கள்ட ஒரு வார்த்த கேளுங்க. நான் மூணு வருஷமாக் கேக்கல்ல."

பிறகு பின் வரிசை வாங்கைத் தேடிப் பார்த்து, அங்கிருந்தே கேட்டார்: "சுல்பா, அரைக் கரண்டி உனக்குப் போதுமா? காணுமா?"

நாற்பது தலையும் அவள் பக்கம் திரும்பின. சுல்பாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"காணாது," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.